பிழை இருக்குன்னு தெரிஞ்ச பழைய கால்குலேட்டரை சர்வே வேலைக்கு இன்னும் வச்சிருக்கலாமா?

சர்வே_செயின் (கடலூர் முதுநகர்)
எங்க ஆபீஸ்ல இதை வச்சு பெரிய வாக்குவாதமே ஆயிடுச்சு, அதான் இங்க கேக்குறேன். 2007-ல வந்த ஹெச்.பி. 35எஸ் தான் இன்னும் சைட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். அதோட ஃபர்ம்வேர்ல (உள்ளயே பதிஞ்சிருக்கிற மென்பொருள்) என்னென்ன பிழைன்னு பயன்படுத்துறவங்களே சேர்ந்து பட்டியல் போட்டு வச்சிருக்காங்க, முழுசா படிச்சிருக்கேன். 90 டிகிரிக்கு ரொம்ப கிட்ட காஸ் (கொசைன்) எடுத்தா கடைசி இலக்கங்கள் போயிடும், ப்ரோக்ராமோட செக்சம் (சரிபார்ப்பு எண்) நம்பகமா இல்ல, கோணம்-நீளத்தை எக்ஸ்-ஒய் தூரமா மாத்துற போலார் ரெக்டாங்குலர் கீயே கிடையாது. திருத்தின ஃபர்ம்வேரை ஏத்தலாம்னா கம்ப்யூட்டரோட சேக்குற வழியே அதுல இல்ல. இருந்தாலும் விட மாட்டேன். எந்த இடத்துல தப்பும்னு எனக்குத் தெரிஞ்ச மெஷின் இது, புதுசா வாங்குறது எங்க தப்பும்னு யாருக்குத் தெரியும்?

லாஸ்பேட்டை_சிவில்
அண்ணே, காஸ் தப்பா வர்ற மெஷின்ல டிராவர்ஸ் (ஸ்டேஷன் ஸ்டேஷனா கோணமும் நீளமும் அளந்து போற சர்வே) போடுறீங்களா? கேக்கவே பயமா இருக்கு. லாட்டிட்யூட், அதான் ஒவ்வொரு கோட்டோட வடக்கு-தெற்கு தூரம், முழுக்க காஸ் தானே.

சர்வே_செயின்
தம்பி, பயப்படுறதுக்கு முன்னாடி கணக்கு போட்டுப் பாரு. பேரிங் (வடக்குல இருந்து கோணம்) 89 டிகிரி 59 மினிட் 59 செகண்டு, நீளம் 500 மீட்டர்னு வை. காஸ் 0.00000484813681, அதை 500-ஆல பெருக்குனா லாட்டிட்யூடே மொத்தம் 2.4 மில்லிமீட்டர்தான். மெஷின் தவறவிடுறது அந்த எண்ணோட கடைசி இலக்கங்கள்ல. நம்ம டோட்டல் ஸ்டேஷன்ல (கோணமும் தூரமும் அளக்குற கருவி) ஒரு செகண்டு பிசகுனாலே 1 கிலோமீட்டர்ல 4.8 மில்லிமீட்டர் நகருது, அளக்குற புள்ளியில ப்ரிசம் புடிக்கிற பையன் கை ஆடுறது அதை விட ஜாஸ்தி. வயல்ல இந்தப் பிழை ஒரு நாளும் கண்ணுல படாது.

கெடிலக்கரை
சார், காஸ் கணக்கு சரி, அதுல எனக்கு சண்டை இல்ல. நீங்க ஒரே வரியில தாண்டிப் போன செக்சம் தான் எனக்கு உறுத்துது.

அதுல ப்ரோக்ராம் ஏத்தணும்னா ஒவ்வொரு வரியா கையால தான் அடிக்கணும். அடிச்சது சரியான்னு பாக்கத்தான் ப்ரோக்ராம் லிஸ்ட்ல நீளமும் செக்சமும் காட்டுறாங்க. கேபிள் இல்லாத மெஷின்ல வேற என்ன காவல் இருக்கு சொல்லுங்க. அந்த எண்ணையே நம்ப முடியலன்னா பூட்டு இல்லாத கதவு மாதிரி ஆயிடுது. இப்ப நம்ம ஊரை யோசிங்க, சில்வர் பீச்ல இருந்து துறைமுகம் வரைக்கும் உப்புக்காத்து, பேட்டரி தகட்டுல பச்சை புடிக்க எவ்ளோ நாளாகும்? ரெண்டு சிஆர்2032-ம் காண்டாக்ட் விட்டுப்போச்சுன்னா மெமரி காலி, மே மாச வெயில்ல குடையப் புடிச்சிக்கிட்டு திரும்ப மொதல்ல இருந்து அடிக்கிறீங்க, ஒரு ப்ளஸ் மைனஸ் ஆயிடுச்சுன்னா மெஷின் உங்களுக்கு ஒண்ணும் சொல்லாது.

அதோட பிழை பட்டியலைப் படிச்சது நீங்க. நீங்க லீவு போட்ட அன்னைக்கு அதை எடுத்துட்டுப் போற ட்ரெயினி படிச்சிருப்பானா?

வெண்பலகை_புதுச்சேரி
நான் கணக்கு வாத்தியார். பிழை இல்லாத கால்குலேட்டர்னு ஒண்ணு இருக்குங்கிற நெனப்புல இங்க பேசுறாங்க, அது சரியில்ல. பசங்க வச்சிருக்கிற கேசியோ இ.எஸ். வரிசையில சில மாடல்ல 11-ன் 6-ஆம் அடுக்கை 13-ஆல வகுத்துப் பாருங்க, 156158413 பை வகுத்தல் 3600-னு காட்டும். ரெண்டு முழு எண்ணை வகுத்தா பை எங்கேருந்து வரும்? ஹெச்.பி.யோட முதல் கையடக்க சயின்டிஃபிக் கால்குலேட்டர், 1972-ல 395 டாலருக்கு வந்த 35, அதுலயும் ஆரம்பத்துல வந்த மெஷின்ல 2.02-க்கு லாக் எடுத்து திரும்ப எக்ஸ்பொனென்ஷியல் போட்டா 2-னு வந்துச்சு. அதுக்காக யாரும் அந்த மெஷினை வெறுக்கல. பிழையைத் தெரிஞ்சு வச்சிக்கிறதும் படிப்புல ஒரு பாகம், சர்வே_செயின் பக்கம் தான் நான்.

கெடிலக்கரை
ஐயா, நீங்க சொன்ன ரெண்டுமே என் பக்கம் தான் பேசுது. கேசியோவுல வர்றது காட்சிப் பிழை, தசமத்துக்கு மாத்துற கீயைத் தட்டுனா 136273.923-னு சரியாவே வந்துடும். 1972 மெஷினை கம்பெனியே மாத்திக் கொடுக்க முன்வந்துச்சு. 35எஸ்-க்கு யார் என்ன மாத்திக் கொடுத்தாங்க?

சர்வே_செயின்
செக்சம் இல்லன்னா என்ன, டிராவர்ஸ் குளோஸ் ஆகுதான்னு, அதாவது ஆரம்பிச்ச புள்ளியிலயோ தெரிஞ்ச புள்ளியிலயோ வந்து மூடுதான்னு பாக்குறோம்ல? ப்ரோக்ராம்ல ஒரு குறி மாறினாலும் பெரும்பாலும் குளோசிங் எரர் காட்டிக் கொடுத்துடும். வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி விடை தெரிஞ்ச ஒரு பழைய டிராவர்ஸை ஓட்டிப் பாக்குறதும் எங்க வழக்கம். அப்புறம் ஆர்.பி.என். (எண்களை முதல்ல போட்டு, கூட்டல் பெருக்கல் கீயை அப்புறம் அழுத்துற முறை) பழகின கைக்கு வேற எதுவும் ஒத்து வராது, அடைப்புக்குறி எண்ணிக்கிட்டு உக்காந்தா ரீடிங் சொல்றவன் காத்துக்கிட்டு நிப்பான்.

கெடிலக்கரை
டிராவர்ஸ் ஸ்டேஷன் தான் சார் குளோஸ் ஆகும். சைடு ஷாட்? கல்லு, மூலை, கரண்ட் கம்பம், இதெல்லாம் ஒரு ஸ்டேஷன்ல இருந்து அடிச்சு விட்டுடுறோம், குளோஷர்ல அது வரவே வராது. சைடு ஷாட் கணக்கு பண்ற வரியில பிழை இருந்தா டிராவர்ஸ் அழகா மூடும், மூலைக்கல்லு பக்கத்து மனையில போய் நிக்கும். அது ஒரு குடும்பத்தோட பட்டா பிரச்சனை. சிவில் கோர்ட்டுக்கு எத்தனை வருஷம் அலைவாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

லாஸ்பேட்டை_சிவில்
அண்ணே, ஃப்ரீ42 போட்டுக்கலாமே? ஃபோன்ல காசில்லாம கெடைக்குது, 1988-ல வந்த ஹெச்.பி. 42எஸ் மாதிரியே ஆர்.பி.என்., உள்ள 34 இலக்கம் வரைக்கும் கணக்கு. ப்ரோக்ராமை ஃபைலா சேவ் பண்ணி அப்படியே இன்னொருத்தருக்கு அனுப்பிடலாம், கையால அடிக்கிற வேலையே இல்ல.

சர்வே_செயின்
நல்ல ஆப் தான் தம்பி, வீட்ல ஓட்டிப் பாத்திருக்கேன். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு திறந்த வெளியில ஃபோன் ஸ்கிரீன் தெரியுமா, வேர்த்த விரல்ல ரெண்டு கீ சேர்ந்து அமுங்கும், நடுவுல கால் வரும். கீ அழுத்துனா விரலுக்கு உள்ள போனது தெரியணும், அது தான் எனக்கு முக்கியம்.

கெடிலக்கரை, சைடு ஷாட்டுக்கும் வழி இருக்கு. வந்த கோ-ஆர்டினேட்டை திரும்ப இன்வர்ஸ் போட்டு, ஃபீல்டு புக்ல இருக்கிற பேரிங்கும் நீளமும் வருதான்னு ஒத்துப் பாக்கணும். நான் மூலைக்கல்லு ஒவ்வொண்ணுக்கும் பண்றேன். மெஷின் என்கிட்ட தான் இருக்கும்.

கெடிலக்கரை
இன்வர்ஸையும் அதே மெஷின்ல தானே போடுறீங்க? அதே காஸ், நீங்க கையால அடிச்ச இன்னொரு ப்ரோக்ராம். வேற ஒரு கால்குலேட்டர்ல, வேற ஒரு ஆள் போடட்டும், அப்ப ஒத்துக்கிறேன். ப்ரோக்ராமையும் வரிவரியா பேப்பர்ல எழுதி பெட்டி மூடிக்குள்ள ஒட்டி வைங்க, காஸ் பிழை, செக்சம் பிழை ரெண்டையும் மேலயே பெரிய எழுத்துல போட்டு. இது நடக்குற வரைக்கும் அந்த மெஷினை ட்ரெயினி கையில கொடுக்காதீங்க சார்.

சர்வே_செயின்
பேப்பர் ஒட்டிடலாம், அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டாவது ஆள் எங்க இருந்து வர்றது, சைட்டுக்குப் போறதே நானும் ப்ரிசம் புடிக்கிற பையனும் தான்.

லாஸ்பேட்டை_சிவில்
சாயங்காலம் ஃபீல்டு புக் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கண்ணே, நான் ஃப்ரீ42-ல போட்டு மூலைக்கல்லு கோ-ஆர்டினேட் மட்டும் திருப்பி அனுப்புறேன். உங்க விடையை முன்னாடியே சொல்லாதீங்க.