பெர்செர்க் (ஜப்பானிய மாங்கா காமிக்ஸ்) முதல் தொகுதி: பேனல் (படக்கட்டம்) வரிசை குழப்புது

கேள்வி: வலமிருந்து இடமா படிக்கணும்னு தெரியும். ஆனாலும் சண்டைப் பக்கத்துல யார் யாரை வெட்டுறாங்கன்னே பிடிபடல. கதாநாயகன் கட்ஸுக்கு ஏன் இவ்ளோ வெறி? நடுவுல எதையாவது விட்டுட்டேனா?

பதில் 1: எதையும் விடல. கதை நடுவுல இருந்துதான் தொடங்குது. மூணாவது தொகுதியோட கடைசியில கட்ஸோட முன்கதை ஆரம்பிச்சு 14 வரைக்கும் ஓடும். வெறிக்கான காரணம் அங்கதான். பொறுமையில்லாம மூணுக்குத் தாவிடாதீங்க.

பதில் 2: உயரமான பேனல் வலப்பக்கம் இருந்தா அதை முதல்ல பாருங்க, அப்புறம் இடப்பக்கத்துல இருக்கிறதை மேலிருந்து கீழா. அதே பேனல் இடப்பக்கம்னா கடைசியா வரும். பெரும்பாலும் இங்கதான் தப்பு நடக்குது. பேச்சுக் குமிழும் வலமேல் மூலையிலிருந்துதான். பேனல்களைச் சுத்தி வெள்ளைக்குப் பதில் கறுப்பா இருந்தா அநேகமா பழைய நினைவு.

பதில் 3: டேப்லெட்லயா? இரட்டைப் பக்க ஓவியம் ஒற்றைப் பக்கக் காட்சியில ரெண்டா அறுந்துடும், வாள்வீச்சு பாதியில நிக்கும். இரட்டைப் பக்கத்துக்கு மாத்தி, அட்டைப் பக்கத்தைத் தனியா விடுங்க. இல்லேன்னா பக்க ஜோடி எல்லாம் ஒவ்வொரு பக்கம் தள்ளிப்போகும்.

கேள்வி கேட்டவர்: அட்டைதான் வில்லன்! இப்ப சரியா வருது.