மறு: ‘ஸ்பிளைஸ்’ – ஒட்டு என்று சொல்லலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

1880, 90களில் இங்கிலாந்துக் கடைகளில் விற்ற கிரிக்கெட் சாமான்களுக்குத் தமிழில் படவிளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று போன மாதமே சொல்லியிருந்தேன். பல சொற்கள் உங்கள் உதவியால் தீர்ந்துவிட்டன. மட்டையின் கைப்பிடியை அடிப்பகுதியோடு சேர்க்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘ஸ்பிளைஸ்’ மட்டும் இன்னும் தமிழ்ச் சொல் கிடைக்காமல் நிற்கிறது. மூன்று நாளாக வந்த எல்லா மடல்களையும் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘இணைப்பு’ என்றே போட்டுவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

கோவை நண்பர் சொல்வது சரிதான், புரியும். ஆனால் எந்த இணைப்பு என்று புரியாது. மின் இணைப்பு, எரிவாயு இணைப்பு, மடலோடு அனுப்பும் இணைப்பு என்று அந்தச் சொல் ஏற்கெனவே ஏகப்பட்ட சுமை தூக்குகிறது. படத்தில் மட்டையின் தோள் பக்கம் ஓர் அம்புக்குறி போட்டு ‘இணைப்பு’ என்று எழுதினால், பார்க்கிறவருக்கு அங்கே என்ன நடந்திருக்கிறது என்று எதுவும் கிடைக்காது.

அங்கே நடந்திருப்பது இதுதான். வில்லோ மரத்தில் செதுக்கிய தட்டையான பகுதியின் தலையில், நடுவே ஆங்கில ‘வி’ எழுத்தைப் போலக் கீழ்நோக்கிக் குறுகும் ஒரு வெட்டு. பிரம்பால் செய்த கைப்பிடியின் அடி, அதே வடிவில் இருபுறமும் சீவிக் கூராக்கப்பட்டிருக்கும். அதை வெட்டுக்குள் இறக்கிப் பசையிட்டுப் பிடிக்க வைக்கிறார்கள். பிறகு கைப்பிடி முழுக்க நூல் சுற்று. ஆணி கிடையாது, திருகு கிடையாது.

இது எப்போது, ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லைத் தேர்ந்தெடுக்க அது உதவும். முதலில் மட்டை முழுக்க ஒரே மரத்துண்டு. பந்து தரையோடு உருண்டு வந்த காலத்துக்கு அது போதும். 1835ல் தோள் உயரம் வரை கையை ஓங்கி வீச விதி இடம் கொடுத்தது. 1864ல் தலைக்கு மேலே ஓங்கி வீசவும் அனுமதி வந்தது. பந்து வேகம் பிடித்தது, எகிறியது. ஒரே துண்டு வில்லோ மட்டையில் அப்படி ஒரு பந்து பட்டால் அந்த அதிர்ச்சி நேரே கைக்கு வரும். பிடி உடையும். அதனால்தான் தனிப் பிடி செய்து செருகும் முறை பரவியது. 1864க்கு முன்பே, 1853ல், நாட்டிங்காம்ஷயர் ஆட்டக்காரர் தாமஸ் நிக்சன் பிடிக்குப் பிரம்பைக் கொண்டுவந்தார். பிரம்பு வளையும், அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். பிரம்புக் கீற்றுகளுக்கு நடுவே ரப்பர் பட்டைகளும் சேர்ந்தன. கிழக்கே காடுகளில் வெட்டிக் கப்பலேறிப் போன பிரம்பும், ஆங்கிலேய ஓடைக்கரை வில்லோவும் சந்திக்கிற இடம் அந்த ‘வி’ வெட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த விளம்பரங்களில் ‘முழுப் பிரம்புப் பிடி’ என்பதே பெருமையான விற்பனை வாசகம். ஆக இந்தச் சொல் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் சின்ன உறுப்பின் பெயர் அல்ல. மட்டையை மட்டையாக்கிய வேலையின் பெயர்.

இப்போது சொற்களுக்கு வருவோம். குழுவில் வந்தவை: மூட்டு, பொருத்து, ஆப்புமூட்டு, செருகல்.

‘மூட்டு’ தச்சர்களிடம் இருக்கிற நல்ல சொல். ஆனால் கதவு நிலையின் மூலையும் மூட்டு, நாற்காலிக் காலும் மூட்டு. முழங்கால் மூட்டும் குறுக்கே வந்து நிற்கும். விளையாட்டுப் பக்கத்தில் ‘மூட்டில் பந்து பட்டது’ என்று எழுதினால் ஆட்டக்காரருக்கு அடிபட்டது என்றுதான் யாரும் படிப்பார்கள். ‘செருகல்’ பாதி வேலையைத்தான் சொல்கிறது. செருகியதை உருவலாம், இதை உருவ முடியாது. ‘ஆப்புமூட்டு’ வடிவத்தைச் சரியாகப் பிடிக்கிறது, அதனால் நேற்று வரை நானும் அதன் பக்கம்தான் இருந்தேன். ஆனால் ஆப்பு என்றதும் பிளப்பதற்காக அடிப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே நோக்கம் நேர் எதிர்.

நேற்று மாலை எங்கள் தெருமுனைப் பட்டறை ஆசாரியிடம் படத்தைக் காட்டினேன். அவர் கிரிக்கெட் பார்ப்பதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மாங்கன்று ஒட்டுக் கட்டுற மாதிரில்ல இருக்கு” என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒட்டுச்செடி கட்டும்போது அடிக்கன்றின் தலையைச் சீவி, நடுவே பிளந்து, மேலே வைக்கும் குச்சியின் அடியை இருபுறமும் சீவி, உள்ளே இறக்கி, சுற்றிக் கட்டுவார்கள். அதே வெட்டு, அதே கட்டு. ஒரு மரத்தின் குணமும் இன்னொன்றின் குணமும் ஒரே உடம்பில் வேண்டும் என்பதுதான் இரண்டிலும் நோக்கம்.

அதனால் என் பரிந்துரை: ஒட்டு. இப்படிச் செய்த மட்டை ஒட்டுமட்டை, பழையது ஒருமர மட்டை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மட்டை என்ற சொல்லே நமக்குத் தென்னை மட்டை, பனை மட்டையிலிருந்துதான் வந்தது. சின்ன வயதில் தென்னை மட்டையை வெட்டி ஆடியவர்கள் இந்தக் குழுவில் பாதிப் பேராவது இருப்பீர்கள். அதில் பிடியும் தட்டையும் ஒரே துண்டு. அதாவது நாம் ஆடியது ஒருமர மட்டை. ‘ஒட்டுமட்டை’ என்றதும் அந்த வித்தியாசம் எந்த விளக்கமும் இல்லாமல் தானாகவே வந்துவிடுகிறது.

> ஒட்டு என்றால் பசை போட்டு ஒட்டியது, அல்லது கிழிசலுக்கு ஒட்டுப் போட்டது என்ற பொருள் வராதா?

வரும். பசை உண்மையிலேயே இருப்பதால் முதல் பொருளால் கெடுதல் இல்லை. கிழிசல் பொருள் ‘ஒட்டுப் போடு’ என்ற வினையோடுதான் வருகிறது. ஒட்டு மாம்பழம் வாங்கும்போது யாரும் கிழிசலை நினைப்பதில்லையே. நேர்முக வர்ணனையில் வைத்தும் சொல்லிப் பார்த்தேன்: “எகிறிய பந்து ஒட்டில் பட்டு ஸ்லிப்பிடம் போனது.” வாயில் தடையில்லாமல் வருகிறது.

பிடிக்குக் ‘கணை’ என்று நெல்லை நண்பர் முன்வைத்ததை விட மனம் வரவில்லை. மண்வெட்டிக் கணை இன்றும் அங்கே பேச்சில் இருக்கிறது. திரண்ட வடிவம் என்ற அதே பொருளில்தான் கணைக்கால் என்கிறோம். ஆனால் ஏவுகணை பரவிய பிறகு பெரும்பாலோருக்குக் கணை என்றால் அம்புதான். கோடாலிக் காம்பு எல்லா ஊரிலும் தெரியும். ஆகவே காம்பு. தட்டையான பகுதிக்கு அலகு, கத்தி அலகு போல.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஷ் மர ஸ்டம்பின் தலையில் மாட்டும் பித்தளை வளையத்துக்கு நம்மிடம் சொல் தயாராக இருக்கிறது: பூண். உலக்கைக்குப் பூண் போடுவதும் முனை சிதையாமல் இருக்கத்தான், ஸ்டம்பைத் தரையில் அடித்து இறக்கும்போதும் அதே காரணம். காலில் கட்டும் பேடுக்குக் கால்காப்பு போதும்.

> பிளானல் = வெள்ளாடை; பிளேசர் = கனல்சட்டை.

இரண்டையும் ஏற்க முடியவில்லை, மன்னிக்கவும். பிளானல் என்பது மென்மையான கம்பளி நெசவின் பெயர். நிறத்தின் பெயர் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் புள்ளி போட்ட சட்டை, வண்ணச் சட்டை எல்லாம் அணிந்து ஆடியிருக்கிறார்கள். வெள்ளை நிலைபெற்றது பிறகுதான். ‘வெள்ளாடை’ என்று எழுதினால் அந்த மாற்றமே மறைந்துபோகும். பிளேசர் என்ற பெயர் கேம்பிரிட்ஜ் லேடி மார்கரெட் படகுக் குழுவின் தீச்சிவப்புச் சட்டையிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். கனல்சட்டை அதைத் தொட்டுக்கொண்டு வந்த அழகான ஆக்கம்தான். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை பிளேசர் என்றே சொல்கிறார்கள், அப்படியே இருக்கட்டும்.

இன்னொரு வேண்டுகோள். இந்தச் சாமான்களை விற்றவர்கள் பலர் தாங்களே ஆடியவர்கள். ஜான் விஸ்டன் 1850ல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஒரே இன்னிங்ஸில் பத்துப் பேரையும் போல்டாக்கிய பந்துவீச்சாளர். லண்டனில் கடை வைத்து 1864ல் கிரிக்கெட் ஆண்டுமலரையும் தொடங்கினார். 1885ல் நாட்டிங்காமில் கன் அண்ட் மூர் தொடங்கிய வில்லியம் கன் இங்கிலாந்துக்கு ஆடியவர். அதனால் ‘வணிகர்’, ‘விற்பனையாளர்’ என்று எழுதாமல் ‘கடை வைத்த ஆட்டக்காரர்’ என்று விரித்தே எழுதப்போகிறேன். இதற்கு ஒற்றைச் சொல் தேட வேண்டாம்.

யாழ்ப்பாணத்து அக்காவிடம் ஒரு கேள்வி. உங்கள் பக்கம் துடுப்பு, துடுப்பாட்டம் என்றுதானே வழக்கம்? அப்போது ‘ஒட்டுத்துடுப்பு’ என்றால் படகுத் துடுப்பு என்று மயங்குமா? தென்னை மட்டை ஒப்புமை அங்கே கிடைக்காது என்பதும் புரிகிறது. இரண்டு வழக்குக்கும் பொதுவாக ‘ஒட்டு’ மட்டும் நின்றால்கூட எனக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் கருத்து வந்தால் விளக்க அட்டையைத் திருத்திவிடுவேன். இப்போதைக்கு அதில் இப்படி இருக்கிறது:

“ஒட்டுமட்டை. வில்லோ அலகு, முழுப் பிரம்புக் காம்பு, நூல் சுற்று. ஒட்டின் ‘வி’ வடிவம் தோளுக்குக் கீழே தெரிகிறது.”

அன்புடன்.