லான்ட்மாஸ்டர் பெட்டி சொன்ன பக்கம் திரும்பவில்லை. 12ஆம் திகதி மடுவுக்குப் போக வேண்டும், அவசர உதவி

பாண்டியன்குளத்தான் | ஓகஸ்ட் 9, இரவு 8.12
வணக்கம். மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்குக் குடும்பமாகப் போய் நான்கு நாள் தங்குவதற்காக எங்கள் லான்ட்மாஸ்டருக்கு, அதாவது கைபிடி பிடித்து ஓட்டும் இரண்டு சில்லு உழவு மெசினுக்கு, பின்னால் பூட்டும் பெட்டியை ஒழுங்கு செய்தேன். அடியில் பலகை, பக்கத்தில் சாமான் வைக்கத் தட்டு, மேலே குழாய்க் கூடாரம், தண்ணீர்த் தாங்கி எல்லாம் பூட்டியாயிற்று. இன்று பின்னேரம் ஓட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் போகிறது. கைபிடியும் கைக்குள் நிற்காமல் மேலே எழும்புகிறது. ஒருமுறை வாய்க்காலுக்குள் இறங்கப் பார்த்தது. முன்பு இப்படி இல்லை. என்ன பிழை? சீக்கிரம் சொல்லுங்கள்.

கிரீஸ்கை | இரவு 8.25
பெட்டிக்கு எத்தனை ரயர்? காற்று எவ்வளவு? ஒரு பக்கம் காற்றுக் குறைந்தால் அந்தப் பக்கம்தான் இழுக்கும். முதலில் அதைப் பாருங்கள். பத்தில் எட்டு இழுப்புக்குக் காற்றுத்தான் காரணம்.

நட்டாங்கண்டல் | இரவு 8.31
தாங்கி எத்தனை லீற்றர்? பெட்டியில் எந்த இடத்தில் வைத்திருக்கிறாய்? ஓட்டும்போது தண்ணீர் இருந்ததா? கூடாரம் எவ்வளவு உயரம்? படம் இருந்தால் போடு தம்பி.

பழைய சாரதி | இரவு 8.47
தம்பி, இந்த இடத்தில் ஆறு வருடமாகப் பதில் எழுதுகிறேன். கேள்வி கேட்கிறவர்கள் வண்டியின் விவரத்தை எழுதுவதே இல்லை. எழுதாமல் விட்டால் நாங்கள் எப்படிச் சொல்வது? இருந்தாலும் நீ எழுதியதிலேயே விடை இருக்கிறது. கைபிடி மேலே எழும்புகிறது என்றால் பாரம் முழுவதும் பெட்டியின் பின்பக்கத்தில் கிடக்கிறது. அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் பெட்டியின் மூக்கு, அதாவது மெசினோடு பூட்டும் முன் நுனி, மேலே தூக்கும். மூக்கு தூக்கினால் மெசினின் கொழுக்கியையும் சேர்த்துத் தூக்கும். மெசின் முன்பக்கமாகக் குத்தும், உன் கையில் கைபிடி எழும்பும். தாங்கியை முன்னுக்குக் கொண்டு வா. வேலை முடிந்தது.

கிரீஸ்கை | இரவு 8.55
அது கைபிடிக்குச் சரி. எதிர்ப்பக்கம் திரும்புவதற்கு? கைபிடிக்குக் கீழே இருக்கும், ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியான பக்கக் கிளச்சின் கம்பிகளை யாராவது கழற்றி மாறிப் பூட்டினார்களா? நான் ஒருமுறை அப்படி ஒரு மெசின் பார்த்திருக்கிறேன். கொழுக்கி ஆணி தேய்ந்திருந்தாலும் பெட்டி ஆடும்.

பாண்டியன்குளத்தான் | இரவு 9.20
தாங்கி 500 லீற்றர். பின் கதவோடு சேர்த்து வைத்தேன், குழாய் திறக்க வசதி. அரைவாசி தண்ணீர் இருந்தது. கம்பி ஒன்றும் கழற்றவில்லை. காற்று சரி. படம் நாளைக்குப் போடுகிறேன்.

பழைய சாரதி | இரவு 9.28
பார்த்தீர்களா? 500 லீற்றர் தாங்கி, அரைவாசி என்றால் 250 கிலோ. அதுவும் பின் கதவோடு. நான் சொன்னதுதான்.

நட்டாங்கண்டல் | இரவு 9.41
அரைவாசித் தண்ணீர் முழுத் தண்ணீரைவிட மோசம். முழுத் தாங்கிக்குள் தண்ணீர் அசைய இடமில்லை. அரைவாசி என்றால் வளைவில் ஒரு பக்கமாக ஓடி மோதும், பிறகு திரும்பி மற்றப் பக்கம் மோதும். பெட்டி அதோடு சேர்ந்து ஆடும். என் கருத்து, தாங்கியே வேண்டாம். 20 லீற்றர் கான் பத்து வாங்கு. அச்சுக்கு மேலும் அதற்குச் சற்று முன்னாலும் நெருக்கி அடுக்கு, அசையாமல் கயிறு போடு. ஒரு கான் முடிந்தால் அடுத்ததைத் திறக்கலாம், ஒன்று ஒழுகினாலும் மற்றவை இருக்கும். எட்டுப் பேர் என்றாலும் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 5 லீற்றர் என்று நான்கு நாளைக்கு 160 லீற்றர்தான். குளிக்கத் தண்ணீர் சுமந்து கொண்டு போகாதே. திருவிழாவுக்கு அங்கே தண்ணீர் கொடுப்பார்கள், வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

செம்மண் | இரவு 10.05
ஒரு கேள்வி. எங்கே வைத்து அப்படித் திரும்பியது? சமதரையிலா, இறக்கத்திலா?

பழைய சாரதி | இரவு 10.11
அதில் என்ன இருக்கிறது தங்கச்சி. பாரம் பின்னால் இருந்தால் எங்கேயும் அப்படித்தான். விடை சொல்லியாயிற்று, பிள்ளையைக் குழப்ப வேண்டாம்.

செம்மண் | இரவு 10.30
குழப்பவில்லை ஐயா. எங்கள் வீட்டு லான்ட்மாஸ்டரை எட்டு வருடமாக நான்தான் ஓட்டுகிறேன், நெல்லும் விறகும் ஏற்றி. கைபிடி எழும்புவதற்கு நீங்கள் சொன்ன காரணம் முழுவதும் சரி. எதிர்ப்பக்கம் திரும்புவதற்கு அது காரணமில்லை. தம்பி பதில் சொல்லட்டும்.

காட்டுவழி | இரவு 10.52
பெட்டி செய்வது என்றால் முழுதாகச் செய்ய வேண்டும். கூடாரக் குழாயில் இரண்டு கொளுக்கி ஒட்டி வை, ஒரு ஐஸ் பெட்டியும் ஏற்று. மூன்றுமுறிப்பு தாண்டி பாலம்பிட்டி வரை இரண்டு பக்கமும் காடுதான். ஒரு பன்றி கிடைத்தால் நான்கு நாளைக்குக் கறிக்குப் பஞ்சமில்லை. எங்கள் அப்பா காலத்தில் மடுப் பயணம் என்றால் ஒரு இடியன் துவக்கும் (மருந்து இடித்துச் சுடும் நாட்டுத் துவக்கு) வண்டியில் வரும்.

நட்டாங்கண்டல் | இரவு 11.04
அண்ணை, அப்பா காலம் வேறு. மடுவுக்குப் பக்கத்துக் காடு 2015இல் தேசிய பூங்கா ஆகிவிட்டது. அதற்குள் துவக்கோடு பிடிபட்டால் பெட்டியும் மெசினும் வழக்கு முடியும் வரை வெளியே வராது. லீசிங்கில் எடுத்த மெசின் என்றால் நினைத்துப் பாருங்கள்.

காட்டுவழி | இரவு 11.15
பன்றி பயிரை அழிக்கிற மிருகம். அதைச் சுடுவதில் என்ன பாவம்? சோளம் போட்டவனைக் கேட்டுப் பாருங்கள்.

ஒட்டுசுட்டான் விவசாயி | ஓகஸ்ட் 10, காலை 5.50
சோளம் போட்டவன் நான்தான். பன்றியால் பட்ட நட்டம் எனக்கும் தெரியும். ஆனால் பன்றிக்குக் கட்டிய, கம்பியில் தட்டினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கில் என் சித்தப்பாவின் கால் போனது. விடிய வாய்க்கால் பார்க்கப் போனவர், முழங்காலுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. கம்பிக்கு மனிதனும் பன்றியும் ஒன்றுதான். என் வயலுக்குத் தகரம் கட்டி, இரவில் காவல் கொட்டிலில் படுக்கிறேன். திருவிழாவுக்குப் போகிற பெட்டியில் அந்தப் பேச்சே வேண்டாம்.
தம்பிக்கு இன்னொன்று. விறகுக்காகப் பாதையை விட்டு உள்ளே இறங்காதே. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லாத இடம் என்றாலும், புதுக்காட்டுக்குள் பிள்ளைகளை விடாதே. மிதிவெடி அகற்றிய இடம் எது, அகற்றாத இடம் எது என்று அந்தந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். விறகை வீட்டிலிருந்தே கட்டிக் கொண்டு போ. அதுவும் பாரம்தான், அச்சுக்கு மேலே வை.

காட்டுவழி | காலை 6.30
சித்தப்பாவின் கதைக்கு மனவருத்தம் அண்ணை. நான் கட்டுத்துவக்கைச் சொல்லவில்லை. சரி, கொளுக்கியில் லாம்பு தொங்கவிடட்டும்.

பாண்டியன்குளத்தான் | காலை 6.48
செம்மண் அக்கா, குளக்கட்டிலிருந்து இறங்கும்போதுதான். கட்டுக்கு மேலே போகும்போது கைபிடி மட்டும் எழும்பியது, திருப்பம் சரியாக இருந்தது. இதை முதலே எழுதியிருக்க வேண்டும்.

செம்மண் | காலை 7.20
அதுதான். மெசினில் பிழை இல்லை தம்பி, பயப்படாதே.
சமதரையில் பக்கக் கிளச்சின் இடப்பக்கப் பிடியை இழுத்தால் இடச் சில்லுக்குப் போகும் இயந்திர வலு அறுந்துவிடும். வலச் சில்லு மட்டும் தள்ளும், ஆகவே மெசின் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் கதை வேறு. அங்கே இயந்திரம் இழுப்பதில்லை, பின்னால் பெட்டிதான் தள்ளுகிறது. கியரில் இருக்கும் இயந்திரம் இரண்டு சில்லையும் பிடித்து வைத்திருக்கிறது. நீ இடப்பக்கப் பிடியை இழுத்ததும் இடச் சில்லு விடுபட்டு வேகமாக உருளும், வலச் சில்லு பிடிபட்டபடி இருக்கும். மெசின் வலப்பக்கம் போய்விடும். வெற்று மெசினில் இது அவ்வளவாகத் தெரியாது. 250 கிலோ தண்ணீரும் சாமானும் தள்ளும்போது தெரியும். அதனால்தான் முன்பு இப்படி இல்லை.
இறக்கத்தில் பக்கப் பிடியைத் தொடவே தொடாதே. கட்டின் உச்சியில் நின்று, சிறிய கியரைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, பெட்டியின் கால் பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தியபடி இறங்கு. திருப்ப வேண்டுமென்றால் கைபிடியை உடம்பால் தள்ளித் திருப்பு. பாதியில் கியர் மாற்றாதே, பெரிய கிளச்சை அழுத்தாதே, நியூட்ரலில் உருள விடாதே. விட்டால் பெட்டி மெசினை மடக்கிவிடும். நான் இதைப் படித்தது ஒரு வாய்க்காலுக்குள் விழுந்த பிறகுதான், மெசின் என் மேல் விழாதது கடவுள் செயல்.
சிலர் இறக்கத்தில் எதிர்ப்பக்கப் பிடியை இழுத்து ஓட்டுவார்கள். பழக்கமில்லாத கைக்கு அது வேண்டாம். அவசரத்தில் கை பழைய பக்கத்துக்கே போகும்.

கிரீஸ்கை | காலை 7.35
செம்மண் அக்கா சொன்னது சரி. நான் கம்பியிலேயே நின்றுவிட்டேன். ஆனால் கால் பிரேக் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பார் தம்பி. அநேகமான பெட்டிகளில் பிரேக் பெயருக்குத்தான் இருக்கும். சில்லைக் கழற்றிப் பட்டையைப் பார், போறிங்குக்குப் புதுக் கிரீஸ் வை.

பழைய சாரதி | காலை 8.02
இறக்கம் என்று முதலே எழுதியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். தங்கச்சி சொன்னது சரி, நேற்று நான் அவசரப்பட்டுவிட்டேன். பாரத்தைச் சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன், இதை எல்லோரும் செய்யலாம். சமதரையில் நிறுத்தி, பெட்டிச் சில்லுகளுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தின் கீழே ஒரு முட்டுக்கட்டை கொடு. முட்டுக் கொடுக்காமல் கழற்றினால் மூக்கு எழும்பி நாடியைப் பெயர்க்கும். பிறகு கொழுக்கியைக் கழற்றி மூக்கைத் தூக்கிப் பார். ஓர் ஆள் தம் பிடித்துத் தூக்கும் அளவுக்குப் பாரம் இருந்தால் சரி. மொத்தம் 600 கிலோ என்றால் மூக்கில் 60 கிலோ அளவு. ஒரு விரலால் எழும்பினால் இன்னும் முன்னுக்கு நகர்த்து. இரண்டு பேராலும் முடியாவிட்டால் முன்னால் கூடிவிட்டது, கொழுக்கியும் உன் கையும் தாங்காது.
ஆட்களும் பாரம்தான். எத்தனை பேர் பெட்டியில் வருகிறீர்கள்? பின் கதவில் காலைத் தொங்கவிட்டு நான்கு பேர் இருந்தால் தாங்கியை நகர்த்தியும் பயனில்லை. வயதானவர்களையும் பிள்ளைகளையும் பஸ்ஸில் அனுப்பு.

நட்டாங்கண்டல் | காலை 8.40
கூடார உயரத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. இப்போது கச்சான் காற்று அடிக்கிறது. ஓடும்போது தறப்பாள் மேலே இருந்தால் பாய்மரம் மாதிரிப் பிடிக்கும், பாரம் இன்னும் மேலே ஏறின மாதிரி. குழாயைக் கழற்றிப் பூட்டுகிற மாதிரிச் செய். பெட்டியின் நான்கு மூலையிலும் சற்றுப் பெரிய குழாயில் ஒரு அடித் துண்டு ஒட்டி, கூடாரக் குழாயை அதற்குள் இறக்கி, குறுக்கே ஒரு ஆணி. ஓடும்போது குழாயைக் கீழே படுக்க வை. மடுவில் போய் நிறுத்திய பிறகு எழுப்பு.

ஒட்டுசுட்டான் விவசாயி | காலை 9.15
தறப்பாளுக்குக் கீழே ஆவணி வெயிலில் பகலில் இருக்க முடியாது. மேலே தென்னோலைக் கிடுகு போடு. எங்கள் அம்மம்மா காலத்தில் கூடார வண்டியில் போனவர்களுக்கு கிடுகுதான் குளிர்ச்சி.

கிரீஸ்கை | காலை 9.22
கிடுகு காய்ந்தால் பஞ்சு. புகைக்குழாய்ப் பொறி ஒன்று போதும். பக்கத்தில் அடுப்பு வேறு. ஆயிரக்கணக்கான கூடாரம் நெருங்கி நிற்கிற இடம் அது.

ஒட்டுசுட்டான் விவசாயி | காலை 9.40
அடுப்பைப் பத்தடி தள்ளி வைத்தால் என்ன? கிடுகுக்குள் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள், எத்தனை வீடு எரிந்தது?

கிரீஸ்கை | காலை 9.44
எரிந்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன் அண்ணை. தறப்பாளை இரண்டு தட்டாகக் கட்டி, நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டால் சூடு இறங்காது. செலவு கொஞ்சம் கூட, நிம்மதி.

செம்மண் | காலை 10.10
இரவில் அரிசி, வாழைக்குலை, உப்பு எதையும் தறப்பாளுக்குக் கீழே தலைமாட்டில் வைக்காதே தம்பி. அந்தப் பக்கம் யானை வரும். வழியில் தங்க வேண்டி வந்தால் காட்டோரம் நிற்காமல், ஆட்கள் இருக்கிற ஊருக்குள் நிறுத்து. பின் கதவில் சிவப்பு ஒளிதெறிப்புப் பட்டி ஒட்டு. லான்ட்மாஸ்டர் லைற்றை நம்பாதே, வேகம் குறைந்தால் அதுவும் மங்கும். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு உன்னைத் தெரிய வேண்டும்.

பாண்டியன்குளத்தான் | ஓகஸ்ட் 11, இரவு 7.55
தாங்கியை இறக்கிவிட்டேன். கான் ஒன்பது, அச்சுக்கு மேலே. மூக்கைத் தூக்கிப் பார்த்தேன், தம் பிடித்துத்தான் எழும்பியது. இன்று குளக்கட்டில் மூன்று முறை இறங்கினேன், சிறிய கியரில், பிடியைத் தொடாமல். நேராக வந்தது. இடது பிரேக் பட்டை முடிந்திருந்தது, மாற்றியாயிற்று. அம்மாவும் பிள்ளைகளும் பஸ். எல்லோருக்கும் நன்றி, செம்மண் அக்காவுக்கு மாதாவிடம் ஒரு மெழுகுதிரி. விடிய வெளிக்கிடுகிறோம்.

நட்டாங்கண்டல் | இரவு 8.20
சந்தோசம் தம்பி. கூடாரக் குழாயைக் கழற்றிப் பூட்டுகிற மாதிரிச் செய்தாயா?

நட்டாங்கண்டல் | ஓகஸ்ட் 17, காலை 6.15
போய்ச் சேர்ந்தீர்களா? குழாய் என்ன ஆயிற்று?