பான் எண்ணில் யாரோ வாங்கிய கடன்: எங்கே தொடங்குவது?

கேள்வி: சிபில் அறிக்கையில் (என் கடன் வரலாற்று அறிக்கை) நான் வாங்காத கடன், தவணை தவறியதாக நிற்கிறது. முதலில் போலீசா, சிபிலா?

பதில் 1: தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகார் பதிந்து ஒப்புகை எண் வாங்குங்கள். அதை இணைத்து, கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடுங்கள். கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) ஆவணம், ஒப்பந்தம், முக்கியமாகப் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு விவரம் கேளுங்கள். அந்தக் கணக்கு உங்களுடையது இல்லையென்றால் அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம். தொல்லை விட்டால் போதுமென்று ஒரு தவணைகூடக் கட்டிவிடாதீர்கள், கடனை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

பதில் 2: சிபில் மட்டும் பார்த்தால் போதாது. அதைப் போன்ற மற்ற கடன் தகவல் நிறுவனங்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் அறிக்கைகளும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். பிழை உள்ள ஒவ்வொன்றிலும் தனித்தனியாக டிஸ்பியூட் (மறுப்பு) போடுங்கள். 'கணக்கு என்னுடையதல்ல' என்பதையே தேர்ந்தெடுங்கள். 'பாக்கித் தொகை தவறு' என்று போட்டால் தொகையைச் சரிபார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். கடன் கொடுத்த நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் நீக்காது.

கேட்டவர்: எத்தனை நாள் ஆகும்?

பதில் 2: 30 நாள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, ரிசர்வ் வங்கி விதி. பிறகும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம்.

பதில் 3: ஆதார் பயோமெட்ரிக்கையும் (கைரேகை, கருவிழிப் பதிவு) பூட்டிவிடுங்கள். ஓடிபி மூலம் ஆதாரைச் சரிபார்க்கும் வழி அதனால் அடைபடாது, அதில் கவனம்.