ஈப்போவில் இரையும் கிட்டார் பட்டறைக்கு வந்ததும் சரியாகிவிடுகிறது: கோளாறு எங்கே?

பலகைக்காரன், சுங்கை சிப்புட்:

வணக்கம். சமையலறை அலமாரி செய்வது என் தொழில். கிட்டார் செய்வது மாலை நேரத்துப் பைத்தியம். பட்டறை என்பது பழைய தோட்டத்து ரப்பர் மரங்களை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை.

ஈப்போவில் கிட்டார் வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவருக்கு எஃகுத் தந்திக் கிட்டார் செய்து கொடுத்தேன். மேற்பலகை சிட்கா ஸ்புரூஸ், 2.8 மி.மீ. கனம். முதுகு, பக்கம், கழுத்து எல்லாம் நியாத்தோ. விரற்பலகை மெர்பாவ். தந்தி நீளம் 648 மி.மீ. உள்ளே எக்ஸ் வடிவச் சட்டங்கள், 28 அடி ஆர வளைவில் இழைத்து ஒட்டியவை, அதனால் மேற்பலகை சற்று மேடாக நிற்கும். கழுத்துக்குள் அதன் வளைவைச் சரிசெய்யும் முறுக்குக் கம்பி உண்டு.

வகுப்பறைச் சுவரில் சில நாள் தொங்கியதும், விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான பிரெட்டுகளில் மூன்றாவதிலிருந்து பத்தாவது வரை எங்கே அழுத்தினாலும் தந்தி இடித்து இரைகிறது என்கிறார். என்னிடம் கொண்டு வந்து வைப்பார். ஒரு வாரம் கழித்து எடுத்து மீட்டினால் ஒரு குறையும் தெரிவதில்லை. திருப்பிக் கொடுத்தால் மீண்டும் அதே புகார். இங்கிருந்து ஈப்போ ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அதற்குள் ஒரு கிட்டார் எப்படி மனம் மாறும்?

பிரெட்டுகளை அரம் போட்டுத் தேய்த்துவிடலாமா என்று யோசிக்கிறேன். இன்னொன்று: நைட்ரோ அரக்குப்பூச்சு அடித்தபோது இடுப்புப் பகுதியில் பால் தெளித்ததுபோல் வெண்மை படிந்துவிட்டது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

ஆறாம் தந்தி, கூலிம்:

அண்ணா, மூன்று முதல் பத்து வரை இரைந்தால் உயர்ந்து நிற்கும் பிரெட்டுகள்தான் காரணம். நீளமான சமக்கட்டையில் மணல்தாள் ஒட்டி மேலாக ஓட்டிவிடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் முறுக்குக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

பழைய உளி, தாப்பா:

அரத்தைக் கீழே வையுங்கள், தம்பி. தேய்த்த பிரெட் மறுபடி வளராது. பிரெட் உயரம் காரணமானால் உங்கள் பட்டறையிலும் இரைந்திருக்கும். இடம் மாறினால் வந்து, இடம் மாறினால் போகும் நோய்க்கு உலோகத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை. மாறுவது மரம்.

இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி அளந்து சொல்லுங்கள். பன்னிரண்டாம் பிரெட்டில் ஆறாம் தந்தியின் உயரம் எவ்வளவு? அதே தந்தியை முதல் பிரெட்டிலும் பதினான்காம் பிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாம் பிரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று இடைவெளித் தகட்டால் பாருங்கள். தந்திகளைப் பிடித்திருக்கும் கட்டையான பிரிட்ஜுக்குப் பின்னால் குறுக்காக ஓர் எஃகு அடிக்கோலை மேற்பலகை மேல் நிறுத்துங்கள். அது இருபுறமும் ஆடுகிறதா, நடுவில் வெளிச்சம் தெரிகிறதா? கடைசியாக, வகுப்பில் இருக்கும்போது விரற்பலகை ஓரமாகக் கையை ஓட்டினால் பிரெட் முனைகள் குத்துகின்றனவா?

ஈரப்பத மானி இரண்டு வாங்குங்கள். விலை குறைந்ததே போதும். ஆனால் அது காட்டுவதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு மூடியில் சமையல் உப்பைக் கொட்டி, கரைந்துவிடாமல் கூழாகும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் இரவு முழுவதும் வைத்தால் முள் 75 விழுக்காட்டில் நிற்க வேண்டும். 70 காட்டினால் அந்த மானி ஐந்து குறைவாகப் பேசும் மானி என்று மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

பலகைக்காரன்:

ஐயா, அளந்துவிட்டேன். ஆறாம் தந்தியின் உயரம் பட்டறையில் 2.4 மி.மீ., வகுப்பில் 1.6. ஏழாம் பிரெட்டின் மேல் இடைவெளி இரண்டு இடத்திலும் 0.2தான். அடிக்கோல் பட்டறையில் ஆடுகிறது. வகுப்பில் ஆடவில்லை, நடுவில் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிகிறது. பிரெட் முனை குத்துவதை நான் கேட்பதற்கு முன் ஆசிரியையே சொன்னார். மாணவர்கள் நீண்ட நாளாக முணுமுணுக்கிறார்களாம்.

ஈரப்பதம் பட்டறையில் காலையில் 84, வெயில் ஏறிய பின் 66. வகுப்பில் 52. அங்கே காலை முதல் இரவு வரை குளிர்சாதனம் ஓடுகிறது. கிட்டார் தொங்குவது அதன் நேர் எதிரே.

பழைய உளி:

வழக்கு முடிந்தது. கழுத்து இரண்டு இடத்திலும் ஒரே நிலையில் இருக்கிறது, ஆகவே முறுக்குக் கம்பியைத் தொட வேண்டியதில்லை. வகுப்பில் மேற்பலகை உள்வாங்குகிறது, அதோடு பிரிட்ஜும் இறங்குகிறது, தந்திகள் பிரெட்டுகளின் மேல் படுத்துவிடுகின்றன.

மரம் சுற்றுக்காற்றின் ஈரத்துக்குத் தக்கபடி நீரை ஏற்கும், விடும். ஈரப்பதம் 80 விழுக்காடாக நிலைத்திருக்கும் இடத்தில் மரம் தன் உலர் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நீரை வைத்திருக்கும். 55 விழுக்காட்டில் அது 10 அளவுக்கு இறங்கும். நாரின் நீளவாக்கில் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது, குறுக்குவாக்கில்தான் ஆட்டமெல்லாம். பிரெட் முனைகள் குத்துவதும் விரற்பலகை குறுக்கே சுருங்கியதால்தான். அடிப்பாகம் 400 மி.மீ. அகலமுள்ள ஸ்புரூஸ் பலகை, தடுக்க எதுவும் இல்லையென்றால், இந்த ஆறு விழுக்காட்டு இறக்கத்தில் 3 மி.மீ.க்கு மேல் சுருங்கப் பார்க்கும். ஆனால் உள்ளே குறுக்காக ஒட்டியிருக்கும் சட்டங்கள் நீளவாக்கில் சுருங்காதவை. பலகை இழுக்கிறது, சட்டம் விடுவதில்லை. முதலில் வளைவு தட்டையாகும், பிறகு குழியும், அதற்கும் மேல் போனால் பலகை பிளந்துதான் சமாதானம் ஆகும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: சட்டங்களை ஒட்டிய நாளில் உங்கள் பலகை எவ்வளவு ஈரத்தோடு இருந்தது?

பலகைக்காரன்:

அக்டோபர் மாத மழையில் ஒட்டியது. ஆனால் நன்றாக வெயில் அடித்த ஒரு பிற்பகலாகப் பார்த்துத்தான் ஒட்டினேன்.

பழைய உளி:

பிற்பகலில் காய்ந்தது காற்று, பலகை அல்ல. பல நாள் ஈரத்தில் கிடந்த மரம் இரண்டு மணி நேர வெயிலுக்கு வழிக்கு வராது. ரப்பர் பலகையைச் சூளையில் உலர்த்தாமல் எந்த நாற்காலித் தொழிற்சாலையாவது அறுக்கத் துணியுமா? நாற்காலிக்கே அந்த மரியாதை என்றால் 2.8 மி.மீ. பலகைக்கு வேண்டாமா?

அடுத்த கிட்டாருக்கு ஒட்டுப்பலகையில் ஓர் அலமாரி செய்யுங்கள், அது உங்கள் தொழில்தானே. அடியில் பழைய இழை பல்பு ஒன்று, மேலும் கீழும் காற்றுத் துளைகள், நடுவில் இடைவெளி விட்ட தட்டு. 27 பாகையில் 80 விழுக்காடு ஈரமுள்ள காற்றை 35 பாகைக்குச் சூடாக்கினாலே ஈரப்பதம் 50ஐ ஒட்டி இறங்கிவிடும். பல்பு மரத்திலிருந்து விலகி, கம்பிவலைக்குள் இருக்கட்டும். பட்டறையில் ஆள் இல்லாதபோது எரிய வேண்டாம். வசதி இருந்தால் ஒரு சிறிய அறையை அடைத்து ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைப்பது இதைவிட நிம்மதி.

பலகை காய்ந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பார்த்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்து, எண்ணைப் பலகையிலேயே பென்சிலால் எழுதுங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்தது. சட்டங்களும் அதே அலமாரியில் இருக்க வேண்டும். பிறகு தாமதிக்காமல் ஒட்டிவிட்டு, பெட்டியை மூடும்வரை மீண்டும் அலமாரிக்குள்ளேயே வையுங்கள்.

செம்பனைக்காரி, தெலுக் இந்தான்:

ஐயா சொல்வதில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. நான் செய்பவை தோட்டத்து வீடுகளுக்கும் கோயில் பஜனைக் குழுக்களுக்கும் போகின்றன. அங்கே குளிர்சாதனம் ஏது? நம் ஊர்க் காற்றில் வாழப்போகும் கிட்டாரை நம் ஊர்க் காற்றிலேயே ஒட்டினால் என்ன? காயவைத்து ஒட்டிய ஒன்று எங்கள் வீட்டில் வயிறு உப்பி, தந்தி மேலே ஏறி, பிள்ளைகள் விரல் வலிக்கிறது என்று வைத்துவிட்டார்கள்.

பழைய உளி:

நியாயமான கேள்வி, அம்மா. கிட்டார் ஒரே வீட்டில் சாகும்வரை இருக்கும் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தப் பிள்ளை நாளை கல்லூரிக்குப் போகும், கிட்டாரும் கூடப் போகும். காய்ந்த நிலையில் ஒட்டியது ஈரத்தில் உப்பும். பிரிட்ஜின் மேல் தந்திகளைத் தாங்கும் சேடிலைக் கொஞ்சம் தேய்த்தால் விரல் வலி போய்விடும். ஈரத்தில் ஒட்டியது காய்ந்த அறையில் பிளக்கும், அதற்குத் தேய்க்க எதுவும் இல்லை. 45 விழுக்காடு ஈரப்பதத்தில் ஒட்டுவது என்பது குளிர்நாட்டுப் பட்டறைகளின் கணக்கு. அவர்களுக்குக் குளிர்காலத்தில் சூடேற்றிய அறைகளின் பயம். நமக்கு 50ஐ ஒட்டி இருந்தால் போதும் என்பது என் கருத்து.

பீச்சாங்குழல், பத்து காஜா:

வெண்மைக்கு நான் பதில் சொல்கிறேன், கார் சாயம் அடிப்பவன். நைட்ரோ பூச்சில் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிரும். மழைநேரக் காற்று அதன்மேல் பனித்து, அந்த ஈரம் பூச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். மணல்தாள் போடாதீர்கள். கார் சாயக் கடையில் மெதுவாக ஆவியாகும் தின்னர் என்று கேளுங்கள், கொடுப்பார்கள். வெயில் நன்றாக அடிக்கும் நடுப்பகலில் வெண்மையின் மேல் அதை மட்டும் மூடுபனி போல ஒருமுறை தூவிவிட்டுக் கை எடுங்கள். பூச்சு இளகி ஈரத்தை வெளியே விட்டுவிடும். அடுத்த முறை பூச்சிலேயே நூற்றுக்கு ஐந்து, மிஞ்சினால் பத்துப் பங்கு கலந்து அடியுங்கள். அதற்கு மேல் போனால் வாரக்கணக்கில் நகம் பதியும். மாலை மழைக்கு வானம் கறுத்தால் சாயத் துப்பாக்கியைக் கழுவி வைத்துவிடுங்கள்.

பலகைக்காரன்:

வெண்மை போய்விட்டது, நன்றி. ஆனால் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தபோது பிரிட்ஜுக்குப் பின்னால் நார் வழியே ஒரு மயிரிழை விரிசல், விரலகலம் நீளம். கிட்டாரை ஆசிரியையிடம் எப்படித் திருப்பிக் கொடுப்பது?

பழைய உளி:

விரிசலில் எதையும் ஊற்றி நிரப்பாதீர்கள், உடனடிப் பசையைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். உங்கள் கொட்டகையில் தந்தியைத் தளர்த்தி ஒரு வாரம் வைத்தால் அது தானே மூடிக்கொள்ளும். மூடியதும் தச்சு வேலைக்கான மஞ்சள் பசையை மேலிருந்து விரலால் அழுத்தித் தேய்த்து இறக்குங்கள். உள்ளிருந்து மற்றொரு கையால் பலகையை மெல்ல ஏற்றி இறக்கினால் பசை உள்ளே போகும். மிச்சத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, உள்பக்கம் விரிசலின் குறுக்கே 2 மி.மீ. கனத்தில் சிறிய ஸ்புரூஸ் வில்லைகள் இரண்டு ஒட்டுங்கள். ஓரங்களைச் சரித்து இழையுங்கள், இல்லாவிட்டால் அந்த விளிம்பிலேயே அடுத்த விரிசல் வரும்.

பிறகு இரண்டு சேடில் செய்துகொடுங்கள். இப்போதிருப்பது ஒன்று. மற்றொன்று 1.6 மி.மீ. உயரம் கூடியது, சேடிலில் ஏற்றுவதில் பாதிதான் பன்னிரண்டாம் பிரெட்டில் தெரியும், ஆகவே நீங்கள் இழந்த 0.8 திரும்பக் கிடைக்கும். கிட்டார் சுவரிலிருந்து இறங்க வேண்டும். பெட்டிக்குள், துளையிட்ட சோப்பு டப்பாவில் நனைத்துப் பிழிந்த பஞ்சோடு இருக்கட்டும். சட்டங்களைக் கழற்றி மறுபடி ஒட்டும் வேலையை இந்தக் கிட்டாருக்குச் சொல்ல மாட்டேன். கூலி புதிய கிட்டாருக்கு ஆகும் அளவுக்குப் போய்விடும்.

பலகைக்காரன்:

ஆசிரியை சைவம், சேடிலுக்கு மாட்டெலும்பு வேண்டாம் என்கிறார். முதல் முறை பிளாஸ்டிக்தான் போட்டேன், ஒலி மந்தமாக இருக்கிறது.

செம்பனைக்காரி:

அண்ணா, சமையலறை மேடைக்குப் போடும் கோரியன் பலகையின் வெட்டுத்துண்டு உங்கள் பட்டறையிலேயே கிடக்குமே. மணல்தாளில் நன்றாக இழையும், பிளாஸ்டிக்கைவிடக் கெட்டி. தூசு மூக்கில் ஏறாமல் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டுக்கும் நான் அதையேதான் போடுகிறேன். சேடிலின் அடிப்பாகம் பள்ளத்தில் முழுவதும் உட்கார வேண்டும், அதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

பலகைக்காரன்:

இரண்டு துண்டு எடுத்து வைத்துவிட்டேன். விரிசல் வேலை முடிந்ததும் வகுப்பிலேயே வைத்து அளந்து எண்களை இங்கே எழுதுகிறேன். உலர்த்தும் அலமாரிக்குப் பலகை அறுத்தாகிவிட்டது. இழை பல்பு பழைய மின்கடை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், இங்கே எல்லாரும் எல்.இ.டி.தான் நீட்டுகிறார்கள்.