புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்றே இருந்துவிட்டோம்

திருச்சியிலிருந்து, மகள்

அப்பாவுக்கு 74 வயது. பார்க்கின்சன் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கை நடுக்கம், நடைத் தடுமாற்றம், மாத்திரை நேரம் எல்லாம் வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போனவை. சாப்பிடும்போது அவருக்குப் புரை ஏறுவதை மட்டும் நாங்கள் நோயோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை. அம்மா ஓடிப்போய் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்பார். "அத்தையாத்தான் இருக்கும்" என்பேன் நான். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது.

இப்போது யோசித்தால் எல்லாம் கண்ணெதிரே நடந்தவை. அரைமணியில் முடிகிற சாப்பாடு ஒரு மணி நேரம் இழுத்தது. தண்ணீர் குடித்த பிறகு பேசினால் தொண்டைக்குள் நீர் நிற்பதுபோலக் குரல் கொழகொழத்தது. காலையில் தலையணை உறை நனைந்திருக்கும். எடை ஆறு கிலோ குறைந்திருந்தது. போன ஐப்பசியில் காய்ச்சல் வந்தபோதும் மழைக்காய்ச்சல் என்று கஷாயம் வைத்துக் கொடுத்தோம். நான்காம் நாள் மூச்சு வாங்கியது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா. சாப்பாடும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் போய்ப் போய் வந்தது என்றார் டாக்டர். பார்க்கின்சன் உள்ளவர்கள் இறப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த நிமோனியா என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இத்தனை வருடம் நரம்பியல் டாக்டரிடம் போய்வந்தோமே, "விழுங்க முடிகிறதா" என்று அவர் ஒருமுறையும் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்க்கச் சொன்னார்கள். பேச்சு வராத குழந்தைகளைத்தான் அவர்களிடம் கூட்டிப்போவார்கள் என்று நினைத்திருந்தேன். பேசுவதற்கும் விழுங்குவதற்கும் நாக்கு, தொண்டை, குரல்வளை எல்லாம் ஒன்றுதானே, அதனால் விழுங்கப் பயிற்சி கொடுப்பதும் அவர்கள் வேலைதான்.

அந்தப் பெண் முதலில் கேட்டது, "ஐயா, தண்ணி எப்படிக் குடிப்பீங்க, காட்டுங்க" என்பதுதான். அப்பா டம்ளரைத் தூக்கி, அண்ணாந்து, வாயில் படாமல் ஊற்றிக்கொள்ளப் போனார். அந்தப் பெண் சட்டென்று அவர் கையைப் பிடித்துவிட்டார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பார்க்கின்சனில் கைகால் அசைவு எப்படித் தாமதமாகிறதோ, விழுங்கும் அசைவும் அப்படியே தாமதமாகத் தொடங்குகிறது. தொண்டை தயாராகும் முன்பே தண்ணீர் அங்கே வந்துவிடுகிறது. அண்ணாந்தால் அது இன்னும் வேகமாக இறங்கும், மூச்சுக்குழாயின் வாசலும் திறந்தே இருக்கும். பிறந்ததிலிருந்து எச்சில் படக்கூடாது என்று பழகிய பழக்கம், இந்த நோயில் எதைச் செய்யக்கூடாதோ அதுவாகவே இருந்திருக்கிறது. மாத்திரையையும் அண்ணாந்துதான் போடுவார்.

எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பேரியம் என்ற பொருள் கலந்த தண்ணீரும் இட்லியும் கொடுத்து, விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவாக எடுத்தார்கள். கறுப்பாக ஒரு கோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதை நானே பார்த்தேன். அதே தண்ணீரை, மோவாய் நெஞ்சைத் தொடுவதுபோலக் குனிந்து ஒவ்வொரு வாயாகக் குடித்தபோது இறங்கவில்லை. குனிவது எல்லோருக்கும் ஒத்துவராது, படம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். அதனால் இதைப் படித்துவிட்டு நீங்களாகத் தொடங்க வேண்டாம். விழுங்கிய பிறகும் நாக்குக்குப் பின்னால், தொண்டையில், இட்லி கொஞ்சம் தங்கியிருந்தது. அதற்காக ஒரு வாய்க்கு இரண்டு முறை விழுங்கச் சொன்னார்.

டம்ளரில் வாய் வைத்துக் குடிக்க அப்பா பட்ட கூச்சத்தைச் சொல்லி முடியாது. அவருக்கென்று வாய் அகலமான தனிக் கோப்பை வாங்கினோம். நீளமான டம்ளரில் அடித்தண்ணீரைக் குடிக்கத் தலை தானாகப் பின்னால் போகும், அகலமானதில் போகாது. பாதியானதும் அம்மா மறுபடி நிரப்பிவிடுவார். பழக்கம் மாற மூன்று மாதம் ஆனது.

சாப்பாட்டிலும் நாங்கள் நினைத்தது தலைகீழாக இருந்தது. ரசம் சாதம்தான் லேசு என்று தினமும் கொடுத்தோம். ரசம் முன்னால் ஓடிவிடும், பருக்கை பின்னால் நிற்கும். ஒரே வாயில் இரண்டு வேகம், அவரால் சமாளிக்க முடியவில்லை. குழையப் பிசைந்து கெட்டியாக இருக்கும் தயிர்சாதம் நன்றாக இறங்குகிறது. இட்லி உதிரக் கூடாது, சாம்பாரில் ஊறி ஒன்றாக மசிய வேண்டும். கஞ்சியில் ஒரு விஷயம் கவனியுங்கள். கெட்டியாகக் காய்ச்சினாலும், வாயில் வைத்த ஸ்பூன் திரும்பத் திரும்பக் கிண்ணத்துக்குள் போனால் எச்சில் மாவுச்சத்தைக் கரைத்து நீர்த்துப்போகச் செய்யும். கொஞ்சம் கொஞ்சமாகத் தனிக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுங்கள்.

பார்க்கின்சனுக்கான சிண்டோபா மாத்திரையை இப்போது சாப்பாட்டுக்கு அரைமணி முன்பே கொடுத்துவிடுகிறோம். மருந்து பிடித்து உடம்பு இளகியிருக்கும் நேரத்தில் சாப்பிட்டால் விழுங்குவதும் சுலபமாக இருக்கிறது. டிவி கிடையாது, அந்த நேரத்தில் யாரும் அவரிடம் கேள்வி கேட்பதும் கிடையாது.

கோவையிலிருந்து, கணவர்

தங்கச்சி, உங்கள் அப்பாவுக்குப் புரையாவது ஏறியது. என் மனைவிக்கு அதுவும் இல்லை. இருமலே வராது. அதனால் விழுங்குவதில் குறை ஒன்றும் இல்லை என்று நம்பியிருந்தேன். அடிக்கடி மாலையில் லேசான காய்ச்சல் வருகிறதே என்று பார்க்கப் போன இடத்தில், மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாய் விட்டு, பச்சை நிறம் கலந்த பால் கொடுத்தார்கள். குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயில், பச்சை தெரிந்தது. அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். தொண்டையில் உணர்வு மங்கிவிட்டால் உள்ளே போவதே தெரியாதாம். இருமவில்லை என்பதை வைத்து யாரும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

திக்கனர் என்ற, கெட்டியாக்கும் பொடி கலந்துதான் எதையும் குடிக்க வேண்டும் என்றார்கள். தேன் பதத்தில் தண்ணீர். காபியும் அதே பதம். இரண்டு வாரத்தில் அவள் குடிப்பதையே விட்டுவிட்டாள். நாக்கு வறண்டு, மலச்சிக்கல் அதிகமாகி, ஒரு நாள் மயங்கி விழுந்தாள். நீர்ச்சத்துக் குறைவு. அதன் பிறகு வேறு தெரபிஸ்டிடம் போனோம். அவர் 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். பார்க்கின்சன் அல்லது மறதிநோய் உள்ள 515 பேரை மூன்று மாதம் கவனித்ததில், மோவாயைத் தாழ்த்திச் சாதாரணத் தண்ணீர் குடித்தவர்களுக்கும் கெட்டியாகக் குடித்தவர்களுக்கும் நிமோனியா வருவதில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லையாம். கெட்டியாகக் குடித்தவர்களிடம் நீர்ச்சத்துக் குறைவு கொஞ்சம் கூடுதலாகவே இருந்ததாம். பொடியே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவளால் குடிக்க முடிகிற பதம் எது என்று அவளிடமே கேட்டு முடிவு செய்தார்.

இப்போது வீட்டில் ஊசி போடாத சிரிஞ்சை வைத்துப் பதம் பார்க்கிறேன். 10 மில்லி ஊற்றி, நுனியில் வைத்த விரலை எடுத்து 10 விநாடி விட வேண்டும். 4 முதல் 8 மில்லிக்குள் மீதி நின்றால் இந்த இரண்டாவது தெரபிஸ்ட் எங்களுக்குச் சொன்ன பதம் சரி. அப்புறம் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பல், நாக்கு, ஈறு எல்லாம் சுத்தம் செய்துவிடுகிறேன். எச்சில் உள்ளே போவதை முழுக்கத் தடுக்க முடியாது, அதோடு கிருமி போவதையாவது குறைக்கலாம். சாப்பிட்டதும் படுக்க விடுவதில்லை, அரைமணி நேரம் நிமிர்ந்து உட்கார வைக்கிறேன்.

சென்னையிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்

நோயாளியே எழுதுகிறேன். இருவரும் எழுதியதைப் படித்தபோது, என் வீட்டில் என்னைப் பற்றி இப்படித்தான் கவலைப்படுகிறார்கள் என்று தெரிந்தது.

நான் செய்வது ஊதும் பயிற்சி. உள்ளே ஸ்பிரிங் வால்வு உள்ள சிறு கருவி. பலமாக ஊதினால்தான் திறக்கும். நாளைக்கு 25 ஊதல், வாரம் ஐந்து நாள். ஃபுளோரிடாவில் 60 பார்க்கின்சன் நோயாளிகளை வைத்து நான்கு வாரம் இதைச் சோதித்து, விழுங்குவது பத்திரமாகிறது என்று 2010-இல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு முதலில் தெரிந்த மாற்றம் இருமலில்தான். முன்பு கனைப்பதுபோல இருந்தது, இப்போது உள்ளே போனதை வெளியே தள்ளும் அளவுக்கு வலு இருக்கிறது. ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

எச்சில் வழிவதுதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. எச்சில் அதிகம் சுரக்கவில்லை, நான் விழுங்குவதுதான் குறைந்துவிட்டது என்று புரிய வைத்தார்கள். இந்த நோயை 1817-இல் எழுதி வைத்த ஜேம்ஸ் பார்க்கின்சனே எச்சில் வழிவதையும் விழுங்கச் சிரமப்படுவதையும் குறித்திருக்கிறார். இப்போது செய்தித்தாளில் பக்கம் திருப்பும்போதெல்லாம் ஒருமுறை விழுங்குகிறேன்.

கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் எழுந்துவிடுவார்கள், நான் பாதியில் இருப்பேன், பின்னால் அடுத்தவர் வந்து நிற்பார். அவசரத்தில் விழுங்கித்தான் ஒருமுறை அடைத்துக்கொண்டது. இப்போது கடைசிப் பந்தியில் உட்காருகிறேன்.

மறுபடி திருச்சியிலிருந்து

மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா என்று தனியாகக் கேட்டவருக்கு: சிண்டோபா சிஆர் போல மெதுவாகக் கரையும் வகையைப் பொடிக்கவே கூடாது, மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். சாதாரண வகை என்றாலும் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். அப்பாவுக்கு மசித்த வாழைப்பழம் ஒரு ஸ்பூனில் வைத்து, அதில் முழு மாத்திரையைப் புதைத்துக் கொடுக்கிறோம். தயிரில் வேண்டாம், அதிலுள்ள புரதம், சிண்டோபாவில் இருக்கும் லெவோடோபா என்ற மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கலாம்.

நேற்று மதியம் அப்பாவுக்கு லேசாகப் புரை ஏறியது. அம்மா தலையில் தட்டக் கையைத் தூக்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "குனிஞ்சு நல்லா இருமுங்க, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, அவர் இருமி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.