யங் வீதி வேன் தாக்குதல் வழக்கு: சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். 2018 ஏப்ரல் 23 அன்று டொரொண்டோ யங் வீதியில் ஒருவன் வாடகை வேனை நடைபாதையில் ஏற்றி 11 பேரைக் கொன்றானே (பதினோராமவர் காயங்களால் 2021 அக்டோபரில்தான் இறந்தார்), அந்த வழக்கைப் பற்றி எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசுவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். இப்போது முழிக்கிறேன்.

2021 மார்ச்சில் 10 கொலை, 16 கொலை முயற்சிக் குற்றங்கள் உறுதியாயின. தீர்ப்பில் நீதிபதி அவன் பெயரைச் சொல்லாமல் 'ஜான் டோ' (பெயர் சொல்லாதவருக்கு வைக்கும் பொதுப்பெயர்) என்றே குறிப்பிட்டார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது, நானும் எழுதவில்லை.

குழப்பம் தண்டனையில்தான். 2022 மே மாதம் கனடா உச்ச நீதிமன்றம், கியூபெக் மசூதித் துப்பாக்கிச்சூட்டு வழக்கில், பரோல் (நிபந்தனையோடு சிறைக்கு வெளியே விடுவது) கேட்க முடியாத காலத்தை ஒவ்வொரு கொலைக்கும் அடுத்தடுத்துக் கூட்டும் சட்டத்தை ரத்து செய்தது. அதனால் ஜூனில் இவனுக்கு ஆயுள் தண்டனை, 25 ஆண்டு பரோல் கிடையாது என்று மட்டும் தீர்ப்பு. இந்த 25 ஆண்டு, கைதான நாளிலிருந்தா, தீர்ப்பு நாளிலிருந்தா? அப்புறம், பரோல் மறுக்கப்பட்டால் அடுத்த விசாரணை எப்போது? இறந்தவர்களின் குடும்பத்தார் ஒவ்வொரு முறையும் போய்ப் பேச வேண்டியிருக்குமா?

இன்னொன்று. ஆட்டிசத்தைக் காட்டி 'குற்றப் பொறுப்பு இல்லை' (not criminally responsible) என்று வாதாடினார்கள், எடுபடவில்லை. அந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல தமிழ் உண்டா? 'மனநிலை பாதிக்கப்பட்டவர்' என்று எழுத மனம் வரவில்லை, பொருளே மாறிவிடுகிறது.

கனடாவில் வழக்கறிஞராக இருக்கும் அண்ணன், அக்காமார் யாராவது சொன்னால் பெரிய உதவி.